பூ கட்டுற நூல்ல நின்ன தண்ணி: சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு பீச்சாங்குழல்

பசங்களுக்கு நான் செஞ்ச பீச்சாங்குழல் அஞ்சாவது நாள் சாயங்காலம்தான் ஒழுகாம நின்னுச்சு. வாளியில முக்கி இழுத்து, ஓட்டையை கீழ பாத்து புடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுனேன், ரெண்டு சொட்டுதான் விழுந்துச்சு. அப்பா பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து பீடி பத்த வைக்காமயே வாயில வச்சுக்கிட்டு பாத்துட்டு இருந்தாரு, ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அவரு பாஷையில அது பாஸ் மார்க்.

இது ஆரம்பிச்ச கதை போன வருஷம். பசங்க ஸ்கூல் லீவுக்கு வருஷா வருஷம் மதுரை புதூர்ல எங்க அம்மா வீட்டுக்கு வந்துருவோம். எதிர்சேவை, அதாவது மலையில இருந்து வர்ற அழகரை மதுரைக்காரங்க எதிர்கொண்டு கும்பிடுற நாள், அன்னைக்கு அவரு மூன்றுமாவடி தாண்டி எங்க ஏரியா வழியாத்தான் தல்லாகுளம் போவாரு, மண்டகப்படி மண்டகப்படியா (சாமி நின்னு பூசை வாங்குற எடம்) நின்னு நின்னு வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். அவருக்கு முன்னாடி தலையில உருமா, இடுப்புல சல்லடம், கச்சை எல்லாம் கட்டிக்கிட்டு, கக்கத்துல ஆட்டுத்தோல் பை இடுக்கிக்கிட்டு ஆளுங்க தண்ணி பீச்சிக்கிட்டே வருவாங்கல்ல, அதுல ஒருத்தர் எங்க சின்னவ மேல லேசா ஒரு பீச்சு பீச்சிட்டாரு. அவளுக்கு அப்ப மூணரை வயசு. அழுவான்னு நெனச்சேன், அழல, அப்பிடியே மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு "இன்னொரு வாட்டி"ன்னா. அதுல இருந்து ஒரு வருஷமா எனக்கு அந்தப் பை வேணும், அந்தப் பை வேணும்னு ஒரே பாட்டு.

தோல் பை எல்லாம் விரதம் இருந்து பீச்சுறவங்க சமாச்சாரம், அதை வாங்கி வெளையாட்டுக்கு குடுக்குறதுல அம்மாவுக்கு இஷ்டம் இல்ல. சரி, பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கிக் குடுப்போம்னு போன வருஷமே திருவிழாக் கடையில ஒண்ணு 150 ரூவான்னு ரெண்டு வாங்குனோம். வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணோட ட்ரிக்கர் கழண்டுருச்சு, இன்னொண்ணு மறுநாள் வரைக்கும் தாங்குச்சு. 300 ரூவா போச்சு. இந்த வருஷம் நானே செஞ்சு தர்றேன்னு வாய விட்டுட்டேன், மூத்தவன் அதை காலண்டர்ல எழுதி வேற வச்சுட்டான் (அவனுக்கு 8 வயசு, எழுதுனா அது சட்டம்).

எங்க அப்பா மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மாடியில ஒரு தகரப் பெட்டி முழுக்க அரம், ரம்பம், ஸ்பேனர்னு கெடக்கும். "மூங்கிலு வெட்டிட்டு வாத்தா, அரை மணி நேரத்துல முடிச்சிரலாம், நாங்கல்லாம் அப்பிடித்தான் செஞ்சோம்"னாரு. மூங்கிலுக்கு நான் எங்க போறது, பிவிசியில பண்றேன்னு சொன்னேன். அங்கதான் எனக்கும் அவருக்கும் லேசா முட்டிக்கிச்சு, அஞ்சு நாளும் அது ஓடிக்கிட்டே இருந்துச்சு.

முதல் நாள் செஞ்சது சுத்த முட்டாள்தனம். மாடியில வீடு கட்டுனப்ப மிஞ்சுன 2 இஞ்ச் பைப்பு ஒண்ணு கெடந்துச்சு, காசு மிச்சம்னு அதையே 40 சென்டிமீட்டர் வெட்டி, 45 ரூவான்னு ரெண்டு எண்ட் கேப் (பைப்பு நுனிய அடைக்கிற மூடி) வாங்கி மாட்டிட்டேன். பிஸ்டனுக்கு பழைய மரக்கட்டைய செதுக்கி மேல துணி சுத்துனேன். தண்ணி இழுத்தா முக்கால் லிட்டருக்கு கிட்ட உள்ள போகுது, பைப்பு வெயிட்டும் சேத்து சின்னவளால தூக்கவே முடியல. மூத்தவன் வயித்துல முட்டுக் குடுத்து தள்ளுறான், முன்னாடி இருந்து தண்ணி என்னமோ மூத்திரம் மாதிரி ஒழுகுது. நான் தள்ளுனா மட்டும் எதுத்த வீட்டு காம்பவுண்டு வரைக்கும் போகுது. குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு பலமா தள்ளணும், இது சைக்கிள் பம்பு அடிச்ச எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனா கண்ணு முன்னாடி ஓசி பைப்பு கெடந்தா மூளை வேலை செய்யாது.

ரெண்டாவது நாள் ஹார்டுவேர் கடைக்கு போய் 1 இஞ்ச் பைப்பு 5 அடி, அரை இஞ்ச் பைப்பு 5 அடி வெட்டி வாங்குனேன். கெட்டி பைப்பா கேட்டு வாங்குங்க, பிளம்பிங்குக்கு போடுற பைப்பு, கரண்டு வயர் விடுற பைப்பு மெல்லிசு, அமுக்குனா சப்பையாயிரும். 1 இஞ்ச்னு பேருதான், உள் அகலம் அளந்தா 26 எம்எம்முக்கு கொஞ்சம் மேல இருந்துச்சு. அரை இஞ்ச் பைப்போட வெளி அகலம் 21. ஆக சின்னது பெருசுக்குள்ள லூசா போகும், நடுவுல இருக்குற சந்த என்னத்தையாவது வச்சு அடைக்கணும். மொத்த வேலையும் இந்த சந்துலதான் இருக்கு, மத்ததெல்லாம் வெட்டி ஒட்டுறதுதான்.

செருப்பு ரப்பர் போடலாம்னு நெனச்சேன். வார் அறுந்த ஹவாய் செருப்பு ஒரு ஜோடி இருந்துச்சு, அதுல ஒரு ரூவா காசை வச்சு வரைஞ்சு அதை விட கொஞ்சம் பெருசா, 28 எம்எம்முக்கு வட்டமா பிளேடால வெட்டுனேன். வட்டமா வெட்டுறதுங்கறது லேசு இல்ல, மூணு வட்டம் கோணலாப் போயி நாலாவதுதான் தேறுச்சு. தொடப்பக்கட்டை கைப்பிடியில ஒரு துண்டு வெட்டி அரை இஞ்ச் பைப்பு நுனியில அடிச்சு எறக்கி, அதுல ரப்பர் வட்டத்த வாஷர் போட்டு ஸ்க்ரூவால முறுக்கியாச்சு. முன் பக்கம் எண்ட் கேப்ல ஓட்டை. வீட்டுல இருந்த சின்ன பிட்டு ஒண்ணரை எம்எம்தான், அதை வச்சே போட்டேன். நல்லா ஊசி மாதிரி தண்ணி போச்சு, ரொம்ப தூரம் வேற போச்சு. ஆனா ஒரு வாட்டி தண்ணி இழுத்து நெரப்ப கிட்டத்தட்ட 20 செகண்ட் ஆகுது. சின்னவ ரெண்டு வாட்டி இழுத்துட்டு குழாய கீழ போட்டுட்டு போயிட்டா. வெளிய போற ஓட்டை வழியாத்தான் உள்ளயும் வரணும்ங்கறத நான் யோசிக்கவே இல்ல. 30 ரூவா குடுத்து 4 எம்எம் பிட்டு வாங்கி பெருசு பண்ணதும் மூணு செகண்டுல நெரம்புச்சு. 6 எம்எம்மும் இன்னொரு கேப்ல போட்டுப் பாத்தேன், டபக்குனு காலியாயிருது, பீச்சுற சந்தோஷமே இல்ல. 4 தான் சரி.

அன்னைக்கு ராத்திரி ரப்பர் கொஞ்சம் டைட்டா ஓடுதேன்னு தேங்கா எண்ணெய தாராளமா ஊத்தி, பிஸ்டனை உள்ளயே வச்சுட்டு படுத்துட்டேன். காலையில பாத்தா அசையல. நானும் மூத்தவனும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுக்குறோம், கயிறு இழுக்குற போட்டி மாதிரி, வரவே மாட்டேங்குது. ரப்பர் எண்ணெயில ஊறி உப்பிப் போயி அப்பிடியே கவ்விக்கிச்சு. அப்பா வந்து பாத்துட்டு, "ரப்பருக்கு போயி எண்ணெய் விடுவாங்களாத்தா"ன்னாரு. முந்தின நாளே சொல்லியிருக்கலாம்ல, சொல்ல மாட்டாரு, நம்மளா பட்டுத் திருந்தணும். கடைசியில ஒரு கம்பிய ஓட்டை வழியா விட்டு சுத்தியலால தட்டி எடுத்தோம், வாஷர் கோணிருச்சு, பைப்பு உள்பக்கம் ஒரு கீறல்.

சரின்னு புது வட்டம் வெட்டி, எண்ணெய்க்கு பதிலா சோப்புத் தண்ணி போட்டு ஓட்டுனேன். ஓடுச்சு. பின்பக்க மூடி இன்னும் போடல, அப்பறம் போட்டுக்கலாம்னு மாடிக்கு டெஸ்ட்டுக்கு கொண்டு போயிட்டோம். மாடியில அம்மா காலையில இருந்து கிண்டுன கூழ் வத்தல ரெண்டு வேட்டி முழுக்க ஊத்தி காயப் போட்டுருந்தாங்க. "அங்கிட்டு போகக் கூடாது"ன்னு நான் சொல்றேன், சின்னவ "சரி சரி"ன்னு சொல்லிக்கிட்டே முழு பலத்தையும் குடுத்து பின்னாடி இழுத்தா பாருங்க, பிஸ்டன் மொத்தமா கழண்டு வந்துருச்சு, இவ பின்னாடி போயி பொத்துன்னு வத்தல் மேல உக்காந்தா, கையில இருந்த குழாய்த் தண்ணி முழுக்க மேல இருந்து கொட்டுச்சு. பாதி வேட்டி கூழு, மறுபடி கூழாவே ஆயிருச்சு. அம்மா அவள ஒண்ணும் சொல்லல, என்னையத்தான் வஞ்சாங்க. "முப்பத்தாறு வயசு ஆச்சு"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம்.

மூணாவது நாள் அப்பா கைய வச்சாரு. ரப்பரே வேணாம்னாரு. அரை இஞ்ச் எண்ட் கேப்ப பிஸ்டன் தலையா போடு, சந்துக்கு நூல் சுத்து, நாங்க மூங்கில்ல துணி சுத்துனது அதே கணக்குதான்னாரு. ஆனா அரை இஞ்ச் கேப் வெளி அகலம் 28 எம்எம் கிட்ட வருது, குழாய்க்குள்ள போகாது, 2 எம்எம் கொறைக்கணும். நான் அரத்தை எடுத்து தேய்க்க ஆரம்பிச்சேன், கால் மணி நேரம் தேய்ச்சதுல வட்டம் முட்டை மாதிரி ஆயிருச்சு. அப்பறம் அவரு பண்ணதுதான் இந்த மொத்த வேலையிலயும் நான் கத்துக்கிட்ட ஒரே நல்ல விஷயம். வேற கேப் எடுத்து நடுவுல 6 எம்எம் ஓட்டை போட்டு, ஒரு போல்ட்டை விட்டு நட்டு போட்டு முறுக்கி, அந்த போல்ட்டோட வால டிரில் மிஷின் வாயில மாட்டிட்டாரு. டிரில்ல ஸ்டூல் மேல படுக்க வச்சு சைக்கிள் கேரியர் ரப்பர்ல இறுக்கிக் கட்டி, மெதுவா ஓட விட்டு, அரத்தை சும்மா மேல தொட்டுப் புடிச்சாரு. கேப்பு தானா சுத்துது, அரம் தானா தேய்க்குது, அஞ்சு நிமிஷத்துல தேங்காத் துருவல் மாதிரி வெள்ளையா உதிந்து சுத்தமான வட்டம். வீட்டுலயே லேத்து! பசங்கள கீழ அனுப்பிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டுதான் இதைப் பண்ணோம். அப்பிடியே ஓட விட்டு ரம்பத்து பிளேடை வச்சு நடுவுல ஒரு 8 எம்எம் அகலத்துக்கு, ஒண்ணரை எம்எம் ஆழத்துக்கு ஒரு காடி எடுத்தாரு, நூல் வழுக்கி ஓடாம இருக்க. போல்ட்ட கழட்டல, வால மட்டும் வெட்டிட்டு உள்ளயே விட்டு எம்சீல் வச்சு அடைச்சாச்சு.

நூலுக்கு முதல்ல தையல் நூல் சுத்துனேன், ரொம்ப மெல்லிசு, வழுவழுன்னு வேற, ஒழுகுச்சு. அப்பறம் கோணி தைக்கிற சணல், அது ரொம்ப முரடு, குழாய்க்குள்ள சிக்கி சிக்கி ஓடுச்சு. நாலாவது நாள் முழுக்க இதுலயே போச்சு. அஞ்சாவது நாள் மத்தியானம் அம்மா வாசல்ல உக்காந்து மல்லிப்பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க, வத்தல் கோவம் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, அவங்க கையில இருந்த நூலப் பாத்தேன். பருத்தி நூலு, முறுக்கு கம்மி, தண்ணி பட்டா லேசா உப்பும். ஒரு முழம் கேட்டேன், நூல்கண்டையே தூக்கிப் போட்டாங்க. நூல மெழுகுவர்த்தியில ஒரு இழுப்பு இழுத்துட்டு, காடியில நெருக்கமா சுத்தி, விளிம்ப விட முடி அளவு மேல வர்ற வரைக்கும் சுத்துனேன், மேல வாசலின் தடவி உள்ள விட்டேன். நனைஞ்சதும் நூல் ஊறி சந்த அடைச்சிருச்சு. அதான் மேல சொன்ன ரெண்டு சொட்டு.

இப்ப அளவுக்கு வர்றேன். மூத்தவனுக்கு குழாய் 40 சென்டிமீட்டர், தண்டு (பிஸ்டன் மாட்டுன அரை இஞ்ச் பைப்பு) 48. சின்னவளுக்கும் முதல்ல 40தான் வெட்டுனேன், ஆனா அவ கை நீளத்துக்கு முழுசா இழுக்க முடியல, பாதி இழுத்து பாதி தண்ணிதான் அடிச்சா. அவளை நிக்க வச்சு ரெண்டு கையையும் விரிச்சு எவ்வளவு தூரம் வசதியா இழுக்குறான்னு அளந்துட்டு 28க்கு கொறைச்சேன், தண்டு 36. தண்டு எப்பவும் குழாய விட 8 சென்டிமீட்டர் நீளமா இருக்கணும், இல்லன்னா உள்ள தள்ளி முடிக்கிறப்ப கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவுல விரல் நசுங்கும். இதைக் கண்டுபுடிச்சது என் விரல்தான். கைப்பிடி அரை இஞ்ச் டீ (T மாதிரி இருக்குற பைப்பு இணைப்பு), ரெண்டு பக்கமும் குட்டி பைப்புத் துண்டு.

பின்பக்க மூடிக்கு இன்னொரு 1 இஞ்ச் எண்ட் கேப், நடுவுல தண்டு போக 23 எம்எம் ஓட்டை. அவ்வளவு பெரிய பிட்டு இல்ல, வட்டம் வரைஞ்சு சுத்தி சுத்தி 4 எம்எம் ஓட்டையா போட்டு நடுத்துண்ட தட்டி எடுத்து உருண்டை அரத்தால தேய்ச்சேன். முதல்ல ரொம்ப டைட்டா வச்சதுல காத்து போக வழி இல்லாம பிஸ்டன் பின்னாடி வரவே அடம் புடிச்சுச்சு, லூசா இருக்கறதுதான் நல்லது. இந்த மூடிய மட்டும் சால்வெண்ட் (பிவிசி ஒட்டுற பசை) போட்டு ஒட்டாதீங்க, நூல் மாத்தணும்னா கழட்டணும்ல. நான் இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டேன், மூத்தவன் ஒரே இழுப்புல புடுங்கிட்டான். அப்பறம் பக்கவாட்டுல ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு, உள்ள நீட்டுன நுனிய அரத்தால மழுக்கி விட்டேன். முன் மூடி சால்வெண்ட்ல ஒட்டுனது, ஒரு நாள் முழுக்க வெயில்ல வச்சு நாலஞ்சு வாட்டி தண்ணி விட்டு கழுவிட்டுத்தான் குடுத்தேன், சின்னவ எதையும் வாயில வைக்காம விட மாட்டா.

மருந்து பாட்டில் மூடியால அளந்து பாத்ததுல பெருசுல ஒரு இழுப்புக்கு 170 மில்லி, சின்னதுல 100 சொச்சம். தூரம், மூத்தவன் அடிச்சா 20 அடி, சின்னவ அடிச்சா 12 அடி, அவ அதை நம்ப மாட்டேங்குறா, தென்னை மரத்து உச்சிக்கே போகுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கா.

செலவு: 1 இஞ்ச் பைப்பு 120, அரை இஞ்ச் 70, பெரிய எண்ட் கேப் நாலு 72, சின்ன கேப் ரெண்டு 20, டீ ரெண்டு 28, சால்வெண்ட் 45, பிட்டு 30, ஆக 385. இதுல முட்டையாப் போன கேப்பும், பீச்சிப் பாக்க 6 எம்எம் ஓட்டை போட்ட பெரிய கேப்பும் அப்பா பெட்டியில இருந்து எடுத்தது, கணக்குல இல்ல. 2 இஞ்ச் கேப் ரெண்டுக்கு குடுத்த 90 தண்டம், அதையும் சேத்தா 475. திருவிழாக் கடையில மூணு துப்பாக்கி வந்துருக்கும், வீட்டுக்காரரு இதை போன்ல கேட்டதும் அதைத்தான் சொன்னாரு.

எதிர்சேவை அன்னைக்கு குழாய ரோட்டுக்கு கொண்டு போக விடல. பிரஷர் பம்பு வச்சு அடிக்கக் கூடாது, தோல் பைதான்னு கோர்ட்டே சொன்ன விஷயம், அதுவும் போக அந்தக் கூட்டத்துல பைப்பு யார் கண்ணுல குத்தும்னு சொல்ல முடியாது. நீர்மோர் பந்தல்ல ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, அப்பா தோள்ல சின்னவள தூக்கி வச்சு அழகரப் பாத்தோம். மறுநாள் விடியக்காலம் ஆத்துல எறங்குறத டிவியிலதான் பாத்தோம், சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு வைகைக்கரையில நிக்க எனக்கு தைரியம் இல்ல. அழகர் உடுத்தியிருந்தது பச்சைப்பட்டுதான்னு தெரிஞ்சதும் அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, இந்த வருஷம் மழை உண்டுன்னு.

சாயங்காலம் மாடியில எங்க வீட்டு ராமராயர் மண்டபம். அங்க அழகருக்கு தண்ணி பீச்சுறத டிவியில பாத்துட்டு பசங்களே கெளப்புனது. அண்ணன் பையன், ரெண்டு வயசு, அவன பச்சைத் துண்டு கட்டி பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, தலையில மூத்தவன் தொப்பி. நான் போட்ட ரூல் ஒண்ணுதான், ஆளுக்கு ஒரு வாளி தண்ணி, முடிஞ்சா முடிஞ்சுச்சு, சித்திரையில மதுரையில தண்ணிய அதுக்கு மேல குடுக்க முடியாது. மூஞ்சியில அடிக்கக் கூடாதுன்னு சொன்னத மூத்தவன் கேட்டான். சின்னவ முதல் பீச்சே நேரா மூஞ்சியில. பயந்துட்டேன். அண்ணன் பையன் கண்ண இறுக்கி மூடி, தெறந்து, "இன்னொ"ன்னான், முழுசா சொல்ல வரல இன்னும். பக்கத்து வீட்டு ரெண்டு பசங்க சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துட்டு இருந்தாங்க, அவங்க சொம்புல மொண்டு ஊத்துனாங்க. அம்மா மட்டும் மிச்ச வத்தல முந்தின நாளே டப்பாவுல அடைச்சு பீரோவுல வச்சு பூட்டிட்டாங்க.

மூணு நாள் வெளையாட்டுக்கு அப்பறம் பெருசுல நூல் கொஞ்சம் தேய்ஞ்சு சொட்ட ஆரம்பிச்சுச்சு. ஸ்க்ரூவ கழட்டி, பழைய நூல அறுத்துட்டு புதுசு சுத்த பத்து நிமிஷம் ஆச்சு. மாடி தரையில மண்ணு இருந்தா அது குழாய்க்குள்ள போயி நூல சீக்கிரம் அறுக்குது, வாளித் தண்ணிய ஒரு துணியில வடிகட்டி குடுத்தா பரவாயில்ல. அடுத்த வாட்டி செஞ்சா காடிய ஒண்ணுக்கு ரெண்டா எடுப்பேன், ஒரு நூல் தேய்ஞ்சாலும் இன்னொண்ணு நிக்கும். குழாய்க்கு வெளிய கலர் பெயிண்ட் அடிக்க மாட்டேன், அடிச்சது ரெண்டாவது நாளே பசங்க கையோட வந்துருச்சு. 1 இஞ்சுக்கு பதிலா சின்னவளுக்கு முக்கால் இஞ்ச் போட்டு, தண்டையும் அதுக்கு ஏத்த மாதிரி மெல்லிசா வச்சுப் பாக்கணும், இன்னும் லேசா தள்ளலாம், ஆனா தண்ணி கம்மியா புடிக்கும், அதுக்கு அவ ஒத்துப்பாளான்னு தெரியல.

மிச்சம் ரெண்டு பைப்புலயும் ரெண்டு ரெண்டு அடி கெடக்கு. பக்கத்து வீட்டுப் பசங்க நேத்தே வந்து கைய விரிச்சு நின்னுட்டாங்க, அளவு எடுங்கன்னு. அப்பா டேப்பை எடுத்துட்டு வந்துட்டாரு, ஆனா இது மூங்கில்லதான் செய்யப் போறாராம்.